பனிச்சறுக்கு ஊரில் கோடை விடுமுறை: செர்மாட்டுக்கு எப்போது போவது, போய் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயது அப்பா, அவரைவிடச் சற்று இளைய அம்மா. சுவிட்சர்லாந்தில் ஒரு பனிச்சறுக்கு ஊரில் ஒரு வாரம் தங்க ஆசை. யாருக்கும் பனிச்சறுக்கு தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. "குளிர்காலத்துக்காக இருக்கும் ஊரில் கோடையில் போய் என்ன பார்ப்பது? எல்லாம் மூடிக் கிடக்காதா? பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை, அப்போது போகலாமா? அப்பாவுக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா? செலவு கட்டுப்படியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஆனால் மே மாதம் மட்டும் வேண்டாம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் நன்றாக அறிந்த ஊர் செர்மாட் என்பதால் அதை வைத்தே சொல்வது எளிது. மற்ற ஊர்களை ஆங்காங்கே தொட்டுக் காட்டுகிறேன்.

முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ஆல்ப்ஸின் பழைய பனிச்சறுக்கு ஊர்களில் பல, முதலில் கோடை ஊர்களாகத்தான் இருந்தன. குளிர்கால வியாபாரம் பின்னால் வந்து சேர்ந்தது. செர்மாட்டில் அலெக்சாண்டர் சைலர் என்பவர் 1850களில் விடுதித் தொழிலைத் தொடங்கியபோது, வந்தவர்கள் எல்லாரும் கோடையில் மலை பார்க்கவும் மலை ஏறவும் வந்தவர்கள். அந்த ஊரின் பெயர் உலகம் முழுக்கத் தெரிய வந்ததும் ஒரு ஜூலை மாதத்தில்தான். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயர் தலைமையில் ஏழு பேர் 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்ன் உச்சியை முதன்முறையாகத் தொட்டார்கள். இறங்கும்போது ஒருவர் சறுக்க, கயிறு அறுந்து நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். விம்பரும் தௌக்வால்டர் என்ற உள்ளூர் வழிகாட்டியும் அவர் மகனும் மட்டும் உயிரோடு திரும்பினார்கள். அறுந்த அந்தக் கயிற்றின் துண்டு செர்மாட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கட்டை விரல் அளவுகூட இல்லாத மெல்லிய கயிறு. அதை நேரில் பார்த்துவிட்டு வெளியே வந்து மலையை நிமிர்ந்து பார்த்தால், பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராத ஒன்று புரியும்.

1891 இல் விஸ்ப் ஊரிலிருந்து ரயில் வந்தது. கோர்னர்கிராட் மலைக்குப் பல்சக்கர ரயில் 1898 இல் வந்தது. இரண்டுமே ஆரம்பத்தில் கோடையில் மட்டும் ஓடின. பனி விழ ஆரம்பித்ததும் விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். செர்மாட் குளிர்காலத்திலும் விருந்தாளிகளை வரவேற்கத் தொடங்கியது 1920களின் கடைசியில்தான். செயின்ட் மோரிட்ஸ் ஊரிலும் இதே கதைதான். 1864 இல் யோஹானஸ் பாட்ருட் என்ற விடுதிக்காரர், கோடைக்கு வந்திருந்த ஆங்கிலேயர்களிடம் "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் செலவு என்னுடையது" என்று பந்தயம் கட்டினார் என்றும், அதிலிருந்துதான் ஆல்ப்ஸில் குளிர்காலச் சுற்றுலாவே பிறந்தது என்றும் அந்த ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்தப் பழைய கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஊரைத் தேர்ந்தெடுக்க இதுதான் நல்ல அளவுகோல். பனிச்சறுக்கு வருவதற்கு முன்பே கிராமமாக இருந்த ஊருக்கு மட்டும் கோடையில் போங்கள். செர்மாட், சாஸ்-ஃபே, கிரிண்டல்வால்ட், பிரான்சில் ஷமோனி, ஆஸ்திரியாவில் ட்ஸெல் ஆம் ஸீ எல்லாம் அப்படிப்பட்டவை. மரவீடு, தேவாலயம், மாட்டுக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். மனிதர்கள் ஆண்டு முழுவதும் வாழ்வார்கள். பிரான்சில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பனிச்சறுக்குக்காகவே கட்டி எழுப்பிய ஊர்கள் வேறு ரகம். வால் தோரான்ஸ் 2,300 மீட்டர் உயரத்தில், மரம் வளரும் எல்லைக்கும் மேலே இருக்கிறது. பனி போர்த்தியிருக்கும்போது அழகுதான். கோடையில் அடுக்குமாடிக் கட்டடமும் கல்லும்தான் கண்ணில் படும். தீன் என்ற ஊரின் பழைய கிராமம் 1952 இல் அணைக்காக நீரில் மூழ்கடிக்கப்பட்டது. இன்று அந்தப் பெயரில் மேலே இருப்பது புதிதாகக் கட்டியது. மலை ஏறுபவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் அங்கேயும் வேலை இருக்கிறது. வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் உட்கார அது ஏற்ற இடம் இல்லை என்பது என் கருத்து.

இப்போது மே மாதத்துக்கு வருவோம். நம் ஊர்ப் பள்ளி விடுமுறைக் கணக்கும் ஆல்ப்ஸின் கோடைக் கணக்கும் ஒத்துப்போகாது. ஏப்ரல் கடைசியில் பனிச்சறுக்குப் பருவம் முடிகிறது. அப்புறம் ஜூன் நடுப்பகுதி வரை இரண்டு பருவத்துக்கும் நடுவே உள்ள காலம். அப்போதுதான் கேபிள் கார்களைப் பழுதுபார்ப்பார்கள், ஊழியர்கள் விடுப்பில் போவார்கள், உணவகங்களில் பாதி பூட்டியிருக்கும். நடைபாதைகளில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே பழைய பனி ஈரமாகக் கிடக்கும். செர்மாட்டில் கோர்னர்கிராட் ரயில் ஆண்டு முழுவதும் ஓடுவதால் மே மாதத்திலும் மாட்டர்ஹார்னைப் பார்க்கலாம், பனியைத் தொடலாம். இரண்டு நாளைக்கு அது போதும். ஒரு வாரத்துக்குப் போதாது. சாஸ்-ஃபே போன்ற ஊர்களில் அதுவும் கிடைக்காது. மே தவிர வேறு வழியே இல்லை என்றால், சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள லவுட்டர்புருனென், அல்லது இன்டர்லாக்கன் போன்ற தாழ்ந்த ஊர்களில் தங்குங்கள். அங்கே மே மாதம் அருமையான மாதம். பனி உருகி அருவிகள் முழு வேகத்தில் கொட்டும்.

உயரமான ஊருக்கு ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை சரியான நேரம். பூக்கள் வேண்டுமென்றால் ஜூலை முதல் பாதி. கூட்டம் குறைவாக, வானம் தெளிவாக வேண்டுமென்றால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவின் பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் இருக்கும். ஆனாலும் எல்லா வண்டியும் ஓடும், இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். பிள்ளைகளுக்குச் சில நாள் பள்ளி தவறினாலும் பரவாயில்லை என்று நினைத்தால் ஜூலைக்கு மாற்றிவிடுங்கள்.

போவது எளிது. சூரிக் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. விஸ்ப் வரை ஒரு ரயில், அங்கே மாறி செர்மாட்டுக்கு இன்னொன்று. மொத்தம் சுமார் மூன்றரை மணி நேரம். வழியில் லோட்ஷ்பர்க் மலையின் அடியில் 34 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கம் வரும். 2007 இல் திறந்தது. இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்று பல நாள் பார்க்கலாம். விஸ்ப்புக்குப் பிறகு வண்டி சிறியதாகி, செங்குத்தான இடங்களில் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைப் பிடித்துக்கொண்டு ஏறும். வாடகைக் கார் எடுக்க வேண்டாம். செர்மாட்டுக்குள் பெட்ரோல் கார்களுக்கு அனுமதி இல்லை. ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் வர வேண்டும். ஊருக்குள் ஓடுவது மின்சார வண்டிகள். பெட்டி வடிவில் சின்னதாக, சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். பிள்ளைகளைத் தெருவில் ஓடவிடும்போது அதைக் கவனியுங்கள். பெரும்பாலான விடுதிகள், முன்கூட்டிச் சொன்னால் ரயில் நிலையத்துக்கே வண்டி அனுப்புவார்கள். அப்பா அம்மாவுக்கு அது பெரிய உதவி.

ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலைப் பகலில் இருபது டிகிரி ஒட்டி இருக்கும், சில நாள் இருபத்தைந்து தொடும். இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போவதும் உண்டு. அதாவது ஊட்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விடுதியில் ஏசி இருக்காது, தேவையும் இல்லை.

கடைத்தெருவில் கடிகாரக் கடைகளும் சாக்லேட் கடைகளும்தான் கண்ணைப் பறிக்கும். அதில் நேரம் போக்காமல் தேவாலயத்துக்குச் சற்று முன்னால் கிளைத்துச் செல்லும் ஹின்டர்டோர்ஃப் சந்துக்குள் நுழையுங்கள். வெயிலில் கருகிக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்ட லார்ச் மரக் கட்டடங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பல நூறு ஆண்டு பழையவை. தானியக் களஞ்சியங்களைக் குனிந்து அடியில் பாருங்கள். குட்டையான மரக்கால்கள், ஒவ்வொரு காலுக்கும் மேலே ஆட்டுக்கல் அகலத்துக்கு வட்டமான ஒரு தட்டைக்கல், அதற்கு மேலேதான் கட்டடம். கால் வழியாக ஏறும் எலி அந்தக் கல்லைத் தாண்டித் தலைகீழாகத் தொங்கிப் போக முடியாது. பாறை மண்ணில் பாடுபட்டு விளைவித்த கோதுமை போன்ற ரை என்ற தானியம், அதை எலிக்குக் கொடுக்க மனமில்லாத மக்கள். இன்று உலகின் விலை உயர்ந்த விடுமுறை ஊர்களில் ஒன்றாக இருக்கும் இடம் நூற்றைம்பது ஆண்டுக்கு முன் எவ்வளவு ஏழ்மையில் இருந்தது என்பதை அந்தக் கற்கள் சொல்லும்.

இன்னொரு காட்சியும் கோடையில் மட்டும்தான். ஜூலை, ஆகஸ்ட் வாக்கில், காலையில் ஒன்பது மணி வாக்கிலும் மாலை ஐந்து மணி வாக்கிலும் ஓர் ஆட்டு மந்தை கடைத்தெரு வழியாகவே போகும், வரும். முன்பாதி உடம்பு கறுப்பு, பின்பாதி வெள்ளை, கத்தரித்து ஒட்டியது மாதிரி நேர்கோட்டில் நிறம் மாறும். செர்மாட் இருக்கும் வாலிஸ் மாநிலத்துக்கே உரிய இனம். ஓட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். மணிச்சத்தம் கேட்டதும் ஓரமாக ஒதுங்கி நின்றால் போதும், டிக்கெட் எதுவும் கிடையாது.

இனி மலைக்குப் போகலாம். எல்லாரும் செய்கிற ஒரு காரியம், வந்த மறுநாளே ஆக உயரமான இடத்துக்கு ஏறிவிடுவது. அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாள் சுன்னெகா போங்கள். ஊரிலிருந்து மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் ஓடும் இழுவை ரயில் சில நிமிடங்களில் 2,288 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். வெளியே வந்ததும் எதிரே மாட்டர்ஹார்ன், முழுசாக. கீழே லைசே என்ற குட்டி ஏரி. கரையில் பிள்ளைகள் விளையாட இடம், தண்ணீரில் இழுத்துப் போகும் மிதவை, நெருப்பு மூட்டிச் சமைக்கும் மேடை எல்லாம் உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் குதித்து நீந்துவார்கள். நம் பிள்ளைகள் முழங்கால் வரை இறங்கி அலறிக்கொண்டு திரும்பினாலே போதும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு முழு ஊரிலும் இதைவிட நல்ல இடம் இல்லை. நாற்காலியில் சாய்ந்து ஒரு நாள் முழுக்க அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நடக்கத் தெம்பு இருப்பவர்கள் சுன்னெகாவிலிருந்து இன்னொரு கேபிள் காரில் 2,571 மீட்டரில் உள்ள ப்ளௌஹெர்ட் வரை போய், அங்கிருந்து ஐந்து ஏரிப் பாதையைப் பிடிக்கலாம். ஸ்டெல்லிசே, கிரிண்ட்யிசே, குருன்சே, மூஸ்யிசே, லைசே என்று ஐந்து ஏரிகள், ஒன்பது பத்து கிலோமீட்டர், பெரும்பகுதி இறக்கம். நின்று நிதானமாகப் போனால் நான்கு மணி நேரம் ஆகும். முழுவதும் முடியாவிட்டால் முதல் ஏரியான ஸ்டெல்லிசேயோடு திரும்பிவிடலாம். ப்ளௌஹெர்டிலிருந்து இருபது நிமிட நடைதான், பாதையும் பெரிய மேடு பள்ளம் இல்லாதது. அந்த ஏரியைப் பார்க்க வேண்டிய நேரம் காலை. காற்று கிளம்புவதற்கு முன் தண்ணீர் அசைவில்லாமல் கிடக்கும்போது மாட்டர்ஹார்னின் உச்சி முதல் அடி வரை தலைகீழாக அதில் விழும். கரையோரம் குந்தி உட்கார்ந்து பார்த்தால் இரண்டு மலைகளும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். பத்தரை மணிக்குப் பள்ளத்தாக்குக் காற்று மேலே ஏற ஆரம்பித்தால் முதலில் தூரத்து விளிம்பில் ஒரு நடுக்கம் வரும், சற்று நேரத்தில் பிம்பம் முழுவதும் கலைந்துவிடும். மதியம் வருகிறவர்கள் "படத்தில் பார்த்த ஏரி இதுதானா?" என்று கேட்பது அதனால்தான்.

கீழே இறங்கும் வழியில் ஃபின்டெல்ன் என்ற குக்கிராமம் வரும். சில மரவீடுகள், ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம், மலையைப் பார்த்தபடி போட்ட மேசைகளோடு உணவகங்கள். வழியெல்லாம் லார்ச், அரோலா பைன் மரங்கள். பாறைப் பக்கம் கூர்மையான விசில் சத்தம் கேட்டால் மனிதர் யாரும் அடிக்கவில்லை, மர்மோட் என்ற, வளை தோண்டி வாழும் பெரிய மலை அணில் தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. சத்தம் வந்த இடத்தில் அசையாமல் கொஞ்சம் நின்றால் கொழுத்த பழுப்பு உருவம் ஒன்று வளையின் வாயிலில் எழுந்து நிற்பது தெரியும். குளிர்காலத்தில் வருகிற எவரும் இதைப் பார்க்க முடியாது, அது அப்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் கோர்னர்கிராட். ரயில் 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்கு ஏறுகிறது. மேலே போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், மாட்டர்ஹார்ன் அந்தப் பக்கம். உச்சியில் எதிரே மான்டே ரோசா தொடர், அதில்தான் சுவிட்சர்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான 4,634 மீட்டர் டுஃபூர்ஷ்பிட்ஸே இருக்கிறது. கீழே கோர்னர் பனியாறு. திரும்பும்போது உச்சிக்கு முந்திய நிறுத்தமான ரோட்டன்போடனில் இறங்கி, பத்து நிமிடம் கீழே நடந்து ரிஃபெல்சே ஏரியைப் பார்த்து, அப்படியே ரிஃபெல்பெர்க் நிறுத்தம் வரை நடந்து மறுபடி ரயில் ஏறலாம். ஒரு மணி நேர நடை, முழுவதும் இறக்கம். ஆறு பேரில் இரண்டு பேருக்கு நடக்க விருப்பமில்லை என்றால் அவர்கள் ரயிலிலேயே வந்து ரிஃபெல்பெர்கில் காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். எல்லா வயதும் கலந்த குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும்.

அப்பாவின் உயரக் கேள்வி இங்கேதான் வருகிறது. சுன்னெகா பிரச்சினை இல்லை. கோர்னர்கிராட், ஆரோக்கியமான எழுபது வயதுக்காரருக்குப் பொதுவாகச் சரிதான். மெதுவாக நடந்து, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் போதும். மாட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ் என்று அழைக்கப்படும் 3,883 மீட்டர் நிலையம் வேறு விஷயம். ஐரோப்பாவிலேயே மிக உயரமான கேபிள் கார் நிலையம் அது. அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. 1,600 மீட்டரிலிருந்து சுமார் முக்கால் மணி நேரத்தில் அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள், உடம்புக்குப் பழக நேரமே இல்லை. பல பேருக்கு லேசாகத் தலை சுற்றும், படியேறினால் நெஞ்சு படபடக்கும். இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். கைக்குழந்தையையும் கொண்டுபோக வேண்டாம். மற்றவர்களுக்கு அது மறக்க முடியாத இடம். பனியாற்றுக்குள் குடைந்த பனி அரண்மனை, ஜூலையிலும் உறைநிலையை ஒட்டிய குளிர், நாலாயிரம் மீட்டர் சிகரங்கள் சுற்றிலும். 2023 ஜூலையிலிருந்து அங்கிருந்தே இன்னொரு கேபிள் காரில் இத்தாலிப் பக்கமும் இறங்கலாம்.

கோடையில் பனிச்சறுக்கு நடப்பதையும் அங்கேதான் பார்ப்பீர்கள். தியோடுல் பனியாற்றின் மேல் ஆண்டு முழுவதும் சறுக்குப் பாதை உண்டு. பல நாட்டுப் போட்டி வீரர்கள் காலையில் பயிற்சி செய்வார்கள். மதியத்துக்குள் பனி இளகிக் கஞ்சியாகிவிடும், கலைந்துவிடுவார்கள். ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ், பக்கத்துப் பள்ளத்தாக்கின் சாஸ்-ஃபே ஆகியவையும் கோடைப் பனிச்சறுக்குக்குப் பெயர் பெற்றவை. ஆனால் இது எத்தனை காலத்துக்கு என்பது பெரிய கேள்வி. 2022 கோடையில் வெப்பம் தாங்காமல் செர்மாட்டிலேயே ஜூலைக் கடைசியில் கோடைப் பனிச்சறுக்கை நிறுத்த வேண்டி வந்தது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. குளிர்காலத்தில் வந்தால் வெள்ளைப் போர்வை எல்லாவற்றையும் மூடிவிடும், இது கண்ணில் படாது. கோடையில் கோர்னர்கிராட்டில் நின்று பார்த்தால், பனியாற்றின் இரு கரையிலும் செடிகொடி இல்லாத வெளிறிய பாறைச் சரிவு உயர உயரமாகத் தெரியும். ஒரு காலத்தில் பனி அந்த விளிம்பு வரை நிரம்பி இருந்தது. பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டைக் கைகாட்டிச் சொல்லுங்கள். அவர்கள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளோடு வரும்போது இருப்பது இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

அழகில்லாத விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பனி இல்லாத பனிச்சறுக்கு மலை எல்லா இடத்திலும் கண்ணுக்குக் குளிர்ச்சி தராது. புல்டோசர் வைத்துச் சமன் செய்த சறுக்குப் பாதைகள், காட்டைக் கிழித்துப் போகும் கேபிள் தூண்கள், செயற்கைப் பனி பீய்ச்சும் குழாய்கள் வரிசையாக, அதற்குத் தண்ணீர் தேக்கிய கறுப்பு விரிப்புப் போட்ட குட்டைகள். கோடையில் இவைதான் வெளியே தெரியும். செர்மாட்டில் ட்ரோக்கனர் ஷ்டேக் என்ற கேபிள் கார் நிலையத்தின் சுற்றுப்புறம் எனக்கு ஏறக்குறைய கல்குவாரியாகத்தான் படும். அதனால் நடக்கப் போகும் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது சறுக்குப் பாதை வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள். இரண்டும் ஒரே சரிவில் போனால் வேறு பாதை எடுங்கள்.

செலவு. செர்மாட் மலிவான ஊர் இல்லை. கோர்னர்கிராட்டோ கிளேசியர் பாரடைஸோ, கோடை உச்சத்தில் முழுக் கட்டணம் போய்வர ஆளுக்கு நூறு பிராங்கைத் தாண்டும். அதனால் நாடு முழுக்கச் செல்லுபடியாகும் அரைக்கட்டண அட்டையை வாங்காமல் போகாதீர்கள். சாதாரண ரயில்களிலும் பெரும்பாலான மலை ரயில்களிலும் பாதி விலை. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆறிலிருந்து பதினைந்து வரை உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோரின் அட்டையோடு சேர்த்துக் குடும்ப அட்டை கேட்டு வாங்கினால், அவர்களும் பெரும்பாலான இடங்களில் இலவசம். ஒரே ஊரில் ஒரு வாரம் உட்காரப் போகிறவர்களுக்கு, நாடு முழுக்க இஷ்டம்போல் ரயிலில் சுற்ற விடும், விலை அதிகமான ஸ்விஸ் டிராவல் பாஸைவிட அரைக்கட்டண அட்டைதான் பொதுவாக லாபம். விடுதி அறைக்குப் பதில் அடுக்களை உள்ள வீட்டை வாடகைக்கு எடுங்கள். ஆறு பேருக்கு அதுதான் கட்டுப்படியாகும், பிப்ரவரி வாடகையைவிடக் கோடை வாடகை குறைவு.

அதுவும் அதிகம் என்றால் சாஸ்-ஃபே பாருங்கள். செர்மாட்டுக்கு அடுத்த பள்ளத்தாக்கு, அதுவும் கார் இல்லாத ஊர், 1,800 மீட்டர் உயரம், ஊருக்கு மேலேயே பனியாறு தொங்கும். அங்கே இரவு தங்குகிறவர்களுக்குச் சுற்றுலா வரியோடு சேர்த்து ஓர் அட்டை தருவார்கள். கோடையில் அதைக் காட்டினால் அந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பாலான கேபிள் கார்களிலும் பேருந்துகளிலும் பணம் கொடுக்க வேண்டாம். ஆக உயரத்துக்குப் போகும் சுரங்க ரயிலுக்கு மட்டும் தனிக் கட்டணம். நீங்கள் போகும் ஆண்டின் விதியை வீட்டுக்காரரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே ஷ்பீல்போடன் என்ற இடத்தில் மர்மோட்டுகள் மனிதருக்குப் பழகி, கேரட்டைக் கையிலிருந்தே வாங்கித் தின்னும். உங்கள் பிள்ளைகள் பத்து வயதுக்குள் என்றால், செர்மாட்டைவிடச் சாஸ்-ஃபேயைத்தான் சிபாரிசு செய்வேன். செர்மாட்டுக்கு அங்கிருந்து ஒரு நாள் போய் வரலாம். ஆஸ்திரியாவிலும் ட்ஸெல் ஆம் ஸீ, காப்ரூன் போன்ற இடங்களில் இதே மாதிரி கோடை அட்டை உண்டு, மொத்தச் செலவும் சுவிட்சர்லாந்தைவிடக் குறையும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். செர்மாட் ரயில் நிலையத்தின் எதிரிலேயே பெரிய பல்பொருள் அங்காடி இருக்கிறது. அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். சாம்பார்ப்பொடியும் ஊறுகாயும் மட்டும் கொண்டுபோனால் ஒரு வாரம் ஓடிவிடும். தெருக்குழாய்த் தொட்டிகளில் ஓடும் தண்ணீர், குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் ஒழிய, குடிக்கத் தகுந்தது. பாட்டில் தண்ணீர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். வெளியே சாப்பிடும் நாளில் உருளைக்கிழங்கைத் துருவி வறுக்கும் ரோஸ்டி, உருக்கிய சீஸை உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடும் ராக்லெட் இரண்டையும் சுவைத்துப் பாருங்கள். ராக்லெட்டின் பிறப்பிடமே இந்த வாலிஸ் மாநிலம்தான். வீட்டில் கண்டிப்பான சைவம் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பாரம்பரியச் சீஸ் வகைகளில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைத்தான் சேர்ப்பார்கள். ரோஸ்டி கேட்கும்போதும் பன்றி இறைச்சித் துண்டு இல்லாமல் வேண்டும் என்று சொல்லுங்கள். 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சுவிட்சர்லாந்துக்கு வந்து, அவர்களில் பலர் உணவகச் சமையலறைகளில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். மலை ஊர் விடுதியொன்றின் அடுக்களையிலிருந்து தமிழ்க் குரல் கேட்டால் தயங்காமல் வணக்கம் சொல்லுங்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு அதைவிட நம்பகமான பதில் வேறு கிடைக்காது.

பாதுகாப்பு விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன், ஏனெனில் கோடையில் மலை சாதுவாகத் தெரிவதுதான் ஆபத்து. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்குப் பின் இடி மழை சாதாரணம். காலை ஏழு எட்டு மணிக்குக் கிளம்பி, இரண்டு மணிக்குள் மலை முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். பாதைப் பலகைகளில் மஞ்சள் மட்டும் இருந்தால் எல்லாரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் கரடுமுரடான மலைப்பாதை, நல்ல பிடிமானம் உள்ள காலணி வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை உங்களுக்கு இல்லை, திரும்பிவிடுங்கள். பலகையில் எழுதியிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பவர்களின் நேரம், குடும்பத்தோடு போனால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். கன்றோடு மேயும் மாடுகளுக்கு நடுவே புகுந்து படம் எடுக்க வேண்டாம், சுற்றிப் போங்கள். வெயில் சுடாது, ஆனால் தோலை எரித்துவிடும். குளிர்க்கண்ணாடியும் களிம்பும் பெரியவர்களுக்கும் கட்டாயம். மூடியிருக்கும் பாதையைத் தாண்டிப் போகவே கூடாது. 2024 ஜூனில் வெள்ளத்தில் செர்மாட் ரயில் துண்டிக்கப்பட்டது, சாஸ் பள்ளத்தாக்கும் அடி வாங்கியது. 2025 மே 28 அன்று இதே வாலிஸ் மாநிலத்தில் பிளாட்டன் என்ற கிராமத்தின் மேல் பனியாறும் பாறையும் சரிந்து ஊரின் பெரும்பகுதி புதைந்தது. முன்பே எச்சரித்து மக்களை வெளியேற்றியதால்தான் ஏறக்குறைய எல்லாரும் உயிர் தப்பினார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒரு பாதையைக் கயிறு கட்டி மறித்தால் காரணம் இருக்கும். அவசரத்துக்கு 144. ஹெலிகாப்டர் வரும், பில்லும் பின்னால் வரும். விசாவுக்காக எடுக்கும் காப்பீட்டில் மலை மீட்புச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று எடுக்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக, எதை எப்போது பதிவு செய்வது என்ற வரிசை. விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூலைப் பயணத்துக்கு மார்ச்சிலேயே நேரம் வாங்கிவிடுங்கள், தாமதித்தால் நேரம் கிடைப்பது கஷ்டம். வீட்டை, ரத்து செய்தால் பணம் திரும்பும் நிபந்தனையில் எடுங்கள். மலை ரயில், கேபிள் கார் டிக்கெட்டுகளை மட்டும் ஊரிலிருந்தே வாங்கி வைக்காதீர்கள். மேகம் மூடினால் 3,000 மீட்டரில் பத்தடி தூரம்கூடத் தெரியாது, பணம் போனதுதான். ஒவ்வொரு உச்சியிலும் கேமரா வைத்து நேரலையில் காட்டுகிறார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து அதைப் பாருங்கள். மேலே தெளிவாக இருந்தால் உடனே கிளம்பி முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். மூடியிருந்தால் அன்றைக்கு அருங்காட்சியகம், ஹின்டர்டோர்ஃப் சந்து, ஊரின் தென்கோடியில் ஆறு அறுத்துக்கொண்டு போகும் கோர்னர் இடுக்கு ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தங்கினால் இந்த மாற்றத்துக்கெல்லாம் இடம் இருக்கும். ஒரே நாளில் வந்து ஓடுகிறவர்களுக்கு அது கிடையாது.